முட்டிக்கு மேல் நாலு விரல்

அந்த அக்காவை நினைத்தால் முதலில் பக்கெட்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நீல நிற பிளாஸ்டிக் பக்கெட். பிடி உடைந்துபோய், அந்த இடத்தில் நைலான் கயிறு கட்டியிருக்கும். வேங்கிக்கால் பக்கம் புது வீட்டுமனைகளுக்கு நடுவே இருந்த நீச்சல் குளத்தின் கம்பிக் கதவுக்கு உள்ளே, செருப்பு விடும் இடத்தில், அது எப்போதும் தண்ணீரோடு நிற்கும். குளத்தில் இறங்க வருகிற யாருடைய துணியாக இருந்தாலும் அதில் முக்கி, தூக்கி, கனம் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். உடுத்திக்கொண்டே வந்துவிட்டவர்களை ஓரமாக நிறுத்தி, இடுப்பில் இரண்டு சொம்பு ஊற்றுவார். துணி காலோடு எப்படி ஒட்டுகிறது என்று குனிந்து பார்ப்பார். பிறகு "போங்க" என்பார். இல்லையென்றால், "வீட்டுக்குப் போங்க."

பக்கெட் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை. ஏழு மாதம் வாரத்துக்கு நாலு நாள் பார்த்த ஒருவரிடம் பெயர் கேட்காமல் இருந்தேன் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

அவர் நீச்சல் சொல்லித்தருபவர் இல்லை. அதற்கு ஒரு மாஸ்டர் வருவார். பாதி நேரம் போனில் பேசிக்கொண்டிருப்பார். அக்காவின் வேலை கதவைத் திறப்பது, தரையைக் கழுவுவது, பெண்களும் குழந்தைகளும் இருக்கும் நேரத்தில் காவல் இருப்பது. தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். ஆண்கள் போடுகிற அரைக்கைச் சட்டை, கணுக்காலோடு ஒட்டிய பேன்ட். பண்டிகை நாளில்கூடச் சேலை கட்டி வந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் யாரோ, "இன்னா சார், டிக்கெட் எடுத்தியா?" என்று கேலி செய்ததை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"ஏன்க்கா, சேலை கட்டிட்டு வந்து இங்க மாத்திக்கலாமே?" என்று கேட்டேன்.

"மாத்தற நேரத்துல எவனாவது முழுகிட்டான்னா?"

சட்டைக் காலரில் எப்போதும் ஒரு ஊசி குத்தியிருக்கும், கறுப்பு நூல் கோத்தபடி.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. மார்கழி வந்தால் வீசிங் வரும். நீச்சல் பழகினால் நெஞ்சு விரியும் என்று டாக்டர் சொன்னார். நான் எதையும் உடனே செய்கிறவள் இல்லை. மூன்று மாதம் யோசித்தேன். குளோரின் ஒத்துக்கொள்ளுமா, சளி பிடிக்குமா, ஆண்கள் இருப்பார்களா. கடைசியில் ஆன்லைனில் ஃப்ராக் மாடல் நீச்சலுடை ஒன்று வாங்கினேன். கருநீலம். உள்ளே அரை டிரவுசர், அதன்மேல் ஒரு சாண் பாவாடை. வீட்டில் போட்டுப் பார்த்தபோது என் மாமியார், "பொட்டப் புள்ளைக்கு இன்னாம்மா இது, தொடை பூரா தெரியுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கவலையாகத்தான் சொன்னார். அதனால்தான் மறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

டெய்லரிடம் கொடுத்து, அதே நிறத் துணியில் பாவாடையை நீட்டினேன். முட்டிவரை போதும் என்றுதான் சொன்னேன். "வளர்ற புள்ளதானேம்மா, ரெண்டு வருஷம் போடட்டும்" என்று அவர் முட்டிக்குக் கீழே ஒரு சாண் விட்டுத் தைத்துவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளிச் சீருடையையும் அப்படித்தானே தைக்கிறோம்.

முதல் நாள் அக்கா அந்த உடையைப் பக்கெட்டில் முக்கினார். பிழியவில்லை. சொட்டச் சொட்ட எடுத்து மகளின் கையில் கொடுத்தார்.

"தூக்கு பாப்பா."

அவள் இரண்டு கையாலும் தூக்கினாள்.

"கனமா கீதுல்ல?"

"ஆமா."

"இதையும் தூக்கிகினு நீயும் மிதக்கணும். முடியுமா?"

"முடியாது," என்று அவள் சிரித்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. "வீட்ல பெரியவங்க இருக்காங்கக்கா. பாவாடை இல்லாம விடமாட்டாங்க" என்றேன்.

"பாவாடை வேணாம்னு யாரு சொன்னா? இருக்கட்டும். பாவாடை தப்பில்லிங்க, நீளந்தான் தப்பு. துணி ஜாஸ்தியானா மூச்சு கம்மி." அங்கேயே உட்கார்ந்து, காலர் ஊசியை எடுத்து, பாவாடையை உள்பக்கமாக மடித்துத் தைத்தார். இரண்டு பக்கமும் இடுப்புவரை கிழித்து, ஓரம் பிரியாமல் மடித்தார். "இந்தப் பொளவு வழியா தண்ணி போயிடும். காலச் சுத்தாது. முட்டிக்கு மேல நாலு விரல். இது தண்ணியோட கணக்கு, உங்க மாமியாரோட கணக்கு இல்ல."

நான் சிரித்துவிட்டேன். வீட்டில் போய் இதைச் சொல்லவில்லை.

வீட்டில் அவரைப் பற்றி ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் இல்லை. என் மாமனார் காலையில் ஆண்கள் நேரத்துக்கு ஒருநாள் போயிருந்தார். தார்ப்பாய்ச்சிக் கட்டி இறங்குவதற்கு மாற்று வேட்டியோடு போனவரை அக்கா நிறுத்தியிருக்கிறார். திரும்பி வந்து ஹாலில் நின்று கத்தினார்.

"அறுவத்தாறு வயசு எனக்கு. எங்க ஊரு ஏரியில வேட்டியோட அக்கரைக்குப் போயிட்டு வந்தவன். என் வேட்டிய ஒரு பொம்பள பக்கெட்ல முக்கறா! முக்கிட்டு, 'ஐயா, இது நாலு கிலோ வருது, உங்க பேரன இடுப்புல வெச்சிகினு நீந்துவீங்களா'ன்னு கேக்கறா!"

"நமக்குப் பேரன் இல்லியே" என்றார் மாமியார்.

"அதையும் கேட்டுட்டா போல" என்றார் என் கணவர். அன்று எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் ஆண்களுக்குப் பாவாடை கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதை நானே பார்த்தேன். ஆண்கள் நேரம் முடிந்து வெளியேறும்போதுதான் நாங்கள் உள்ளே போவோம். அப்போது ஒரு பெரியவரைப் பார்ப்பேன். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதோ ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது வெந்நீர் கொட்டி, இரண்டு தொடையும் வெந்து சுருங்கியிருந்தன. முட்டி வலிக்கு நீந்தச் சொல்லியிருந்தார்கள். அரை டிரவுசரில் தொடையைக் காட்ட அவருக்குக் கூச்சம். லுங்கியோடு வந்தபோது அக்கா விடவில்லை. ஒரு வாரம் கழித்து அக்காவே அவருக்கு ஒன்று தைத்துக் கொண்டுவந்தார். டிரவுசரின் இடுப்போடு சேர்த்துத் தைத்த குட்டைப் பாவாடை. குடைத்துணி மாதிரி லேசான துணி. இரண்டு பக்கமும் பிளவு. நனைந்தால் ஒரு உதறலில் தண்ணீர் போய்விடும்.

இளவட்டங்கள் சிலர் சிரித்தார்கள். "இன்னா டிரைவரே, ஃப்ராக்கா? ஜடை எங்க?"

அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "நம்ம ஊரு பெரிய கோயிலுக்குப் போய் தூணப் பாருங்கடா. அங்க நிக்கற வீரனெல்லாம் இன்னா கட்டியிருக்கான்? எல்லாம் முட்டிக்கு மேலதான். அவனுக்கு முன்னாடி போய்ச் சிரிச்சிட்டு வாங்க, அப்புறம் இவரப் பாத்துச் சிரிக்கலாம்."

அந்தப் பெரியவர் தினமும் வந்தார். போகும்போது அந்த உடையைப் பிழிந்து, நாலாக மடித்து, டிபன் பையில் வைத்துக்கொள்வார்.

இவ்வளவு ஏன் துணியைப் பார்க்கிறார் என்று ஒருநாள்தான் கேட்டேன். தரையைக் கழுவிக்கொண்டே சொன்னார். நிறுத்தவே இல்லை.

"எங்க கெணத்துல ஆறு பொண்ணுங்க குதிப்போம்ங்க. பாவாடைய விரிச்சிகினு குதிச்சா காத்து புடிச்சிக்கும். சுத்தி உப்பிகினு, தாமர எல மாதிரி நிக்கும். அது மேல கைய வெச்சி மிதப்போம். நீச்சலே வேணாம். எங்க தங்கச்சி சின்னவ, அவளுக்கு நீச்சல் தெரியாது. நாந்தான் சொன்னேன், பாவாடைய புடிச்சிக்கோ, ஒண்ணும் ஆவாதுன்னு." ஒரு பக்கெட் தண்ணீரை வீசி ஊற்றினார். "மொதல்ல மிதக்கும்ங்க. அதாங்க மோசம். ஏறும்போது அஞ்சு பேருதான் ஏறினோம்."

நான் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்தவள். காற்று அடைத்த துணி ஏன் மிதக்கிறது, காற்று போனதும் என்ன ஆகும் என்பதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மகள் நன்றாகப் பழகிவந்தாள். வீசிங் குறைந்தது. ஒருநாள் அவள் குளத்தின் படியில் நிற்கிற போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெருமையாகத்தான் போட்டேன். என் நாத்தனார் சென்னையிலிருந்து எழுதினார்: "துணிப் பஞ்சமா அண்ணி? கீழ பாதியக் காணோமே!" கூடவே நாலு சிரிப்பு முகங்கள். என் கணவரும் ஒரு சிரிப்பு முகம் போட்டார். மாமியார் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் நான் அந்த உடையை எடுத்து அக்காவின் தையலைப் பிரித்தேன். கறுப்பு நூல், சின்னச் சின்னத் தையல், பிரிக்கவே நேரமாயிற்று. பாவாடை பழையபடி முட்டிக்குக் கீழே இறங்கியது. பக்கவாட்டுப் பிளவுகளையும் வீட்டில் இருந்த கருநீல நூலால் மூடினேன். செய்யும்போதே மனதில் ஒரு கணக்கு இருந்தது. நாளை அக்கா எப்படியும் பக்கெட்டில் முக்கிப் பார்ப்பார். விடமாட்டார். நான் வீட்டில் வந்து, "நான் இறக்கித்தான் கொடுத்தேன், அவங்கதான் விடல" என்று சொல்லிவிடலாம். எனக்கும் கெட்ட பெயர் வராது. இப்படித்தான் நினைத்தேன். அவர் பிடித்து நிறுத்துவார் என்று நம்பித்தான் செய்தேன்.

மறுநாள் காலையில் குளிராக இருந்ததால் மகளைப் பெரிய டவலால் சுற்றிக் கூட்டிப்போனேன். அக்கா டவலின் மேல்பக்கம் தெரிந்த கருநீலத் தோள்பட்டையைப் பார்த்தார்.

"நம்ம தைச்சதுதானே? நீ போ பாப்பா."

பக்கெட்டை அவர் தொடவில்லை. ஏழு மாதத்தில் ஒருவரையும் அப்படி விட்டு நான் பார்த்ததில்லை.

"அக்கா, ஒரு தடவை பாத்துடுங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. கதவருகே இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், இவர்கள் முன்னால் எப்படி என்று யோசித்தேன். பிறகு, ஒருநாள்தானே என்று யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் மகள் டவலை என்மேல் போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

அவள் ஓரத்திலிருந்து குதித்தாள். பாவாடை அவளைச் சுற்றி விரிந்து, உப்பி, மேலே நின்றது. "அம்மா, பாரு, நான் பூ!" என்று கத்தினாள். அழகாக இருந்தது. நான் போனை எடுத்து வீடியோ பிடித்தேன். நாத்தனாருக்குக் காட்டத்தான். பாவாடை போதுமா என்று கேட்கத்தான்.

வீடியோ பதினொரு நொடி. முதல் ஆறு நொடி அவள் சிரிக்கிறாள். பிறகு பாவாடையின் ஒரு பக்கம் அமுங்குகிறது. அவள் காலை உதைக்கிறாள். துணி இரண்டு முட்டியையும் சேர்த்துச் சுற்றிக்கொள்கிறது. இன்னொரு பக்கம் மேலே வந்து முகத்தில் ஒட்டுகிறது. கை ஒருமுறை தெரிகிறது. அப்போதும் நான் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். பதினோராவது நொடியில் சட்டையும் பேன்டுமாக ஒரு உருவம் படத்தின் ஓரத்திலிருந்து பாய்கிறது. அதோடு முடிகிறது.

அக்கா அவளை மேலே கொண்டுவந்தபோது உதடு ஊதா நிறமாக இருந்தது. முதலில் முகத்தில் ஒட்டியிருந்த துணியைப் பிய்த்து எடுத்தார். பக்கவாட்டில் சாய்த்தார். இடுப்பில் பாவாடையைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தார். மகள் தண்ணீராகக் கக்கினாள். மூச்சு வந்தது, அந்தப் பழைய வீசிங் சத்தத்தோடு.

ஓனர் ஓடி வந்தார். மாஸ்டர் போனைப் பையில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

"நீதானே எல்லார் துணியும் செக் பண்ற?" என்று ஓனர் அக்காவிடம் கத்தினார். "பக்கெட் வெச்சிகினு ஊரையே விரட்டறல்ல? இது எப்பிடி உள்ள வந்துச்சி?"

அக்கா கையில் இருந்த கிழிந்த பாவாடையைப் பார்த்தார். விரலால் அதன் ஓரத்தைத் தடவினார்.

"இன்னிக்கு நனைச்சிப் பாக்கலிங்க. என் தையல்தானேன்னு விட்டுட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஆட்டோ கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொன்னேன். அது பொய்யில்லை. போகத்தான் வேண்டியிருந்தது. ஆட்டோ வரக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் அக்கா கதவருகே உட்காராமல் நின்றார். நான் நிமிரவில்லை.

மகள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டில், "அந்தப் பொம்பள ஒழுங்கா பாக்கல" என்று பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். ஆட்டினேனா, சும்மா இருந்தேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

அக்காவை மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். குளத்தின் கதவில் ஒரு போர்டு வைத்தார்கள் என்று மாமனார் வந்து சொன்னார்: பாவாடை வைத்த எந்த உடைக்கும் அனுமதி இல்லை, ஆண்களுக்கும்தான்.

"பாவம் அந்த டிரைவர்" என்றார் மாமனார். "அந்தக் குட்டப் பாவாடையோட வந்தாரு. அதுல ஒரு குத்தமும் இல்ல, மாசக்கணக்கா நீந்தறாரு. போர்டக் காட்டி அனுப்பிட்டாங்க. டிபன் பையப் புடிச்சிகினு ரோட்ல நின்னாரு."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் இன்னும் தலைக்குத் தண்ணீர் ஊற்ற விடுவதில்லை. ஈரத்துணியால் துடைத்துத்தான் தலைமுடியைச் சுத்தம் செய்கிறேன். மழை முகத்தில் பட்டால் கத்துகிறாள். ஒவ்வொரு முறையும் நான், "ஒண்ணுமில்லடா" என்கிறேன்.

போன மாதம் கீழ்பென்னாத்தூர் போனேன். பெயர் தெரியாது என்பதால், "பேன்ட் சட்டை போட்டுட்டு வேலைக்குப் போவாங்களே" என்றுதான் கேட்க முடிந்தது. ஜவுளிக்கடை ஒன்றின் வெளிவாசலைக் காட்டினார்கள். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். சேலை கட்டியிருந்தார். ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. சும்மா போய் நிற்கத் தைரியம் இல்லாமல், நானும் ஒரு புதுச் சேலையைக் கையில் கொண்டுபோயிருந்தேன்.

என்னைப் பார்த்ததும், "பாப்பா எப்பிடி கீது?" என்றார்.

"நல்லா இருக்காக்கா."

"தண்ணில எறங்குதா?"

"இல்லக்கா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் சேலையைக் கொடுத்தேன். வழியெல்லாம் தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "அக்கா, அன்னைக்கு உங்க தையல் பிரியல. நாந்தான் பிரிச்சேன்" என்றேன்.

"தெரியும்ங்க." சேலையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். "நான் தைச்சது கறுப்பு நூலு. கிழிச்சப்போ கையில வந்தது நீல நூலு."

"அப்பவே தெரியுமா? ஏன்க்கா ஓனர்கிட்ட சொல்லல?"

"நனைச்சிப் பாக்காம விட்டது நான்தானே. அத நான் சொன்னேன்." சேலையை மடித்து மடியில் வைத்தார். "மீதிய நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன். ஆட்டோ வர வரைக்கும் நின்னேன். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் அழுதிருக்கலாம். ஃபால்ஸ் துணி ஒன்றை எடுத்து, மெஷினுக்குக் கீழே இருந்த பக்கெட்டில் முக்கினார். நீல பக்கெட், கயிறு கட்டிய பிடி.

"இத நனைச்சிக் காயவெச்சாதான் தைப்பேன். அப்பிடியே தைச்சா மொத தொவையல்லயே சுருங்கி, சேல கோணிக்கும். நாளன்னிக்கு வந்து வாங்கிக்கோங்க."

சரி என்று வந்துவிட்டேன். ஒரு மாதம் ஆகிவிட்டது. வேங்கிக்காலுக்குப் போய் ஓனரிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கப் போகலாம் என்று இருக்கிறேன். அப்படித்தான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைக்கிறேன். சேலை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.